கொக்கு வண்டியும் கவுஞ்சி பஸ்ஸும்

மோட்டார் சைக்கிள் விற்கிற கடையில் பொய் சொல்ல முடியாத இடம் ஒன்று உண்டு. அது வண்டியின் பின்சீட்டு. அங்கே உட்காருவதுதான் எனக்கு உத்தியோகம்.

கொடைக்கானலில் ஒரு இருசக்கர வாகனக் கடை. வாங்க வருகிறவர், “ஓட்டிப் பார்க்கலாமா?” என்று கேட்டால் முதலாளி சாவியைக் கொடுப்பார். கூடவே என்னையும் கொடுப்பார். நான் பின்னால் ஏறிக்கொள்ள வேண்டும். வண்டி பத்திரமாகக் கடைக்குத் திரும்புகிறவரை இறங்கக் கூடாது. எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. தெரிந்திருந்தால் இந்த வேலையில் நீடித்திருக்க மாட்டேன்; முன்னால் இருப்பவர் செய்கிற தப்பெல்லாம் புரிந்து, பாதி வழியிலேயே குதித்திருப்பேன்.

கடையில் இப்போது எல்லோரும் கேட்பது ஒரு சின்ன அட்வெஞ்சர் வண்டியை. உயரமான கால், மெலிந்த உடம்பு, முன்சக்கரத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மூக்கு. மலை ஜனங்கள் அதற்குக் ‘கொக்கு’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அன்றாடம் வேலைக்கும் சந்தைக்கும் போகிற மனிதனுக்கு இந்தக் கொக்கு ஒத்து வருமா என்றுதான் வருகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். இதைப் படிக்கிற நீங்களும் வராத பஸ்ஸுக்குக் காத்து நின்று கால் கடுத்தவர்களாகத்தான் இருப்பீர்கள். ‘ஒரு வண்டி வாங்கிட்டா கஷ்டம் தீந்துரும்’ என்று யாரோ சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த யாரோவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன் நான். ஆகையால் கேளுங்கள்.

வெளியே நின்றவன் உள்ளே வந்தது

காய்கறி விற்கும் பெண்கள் உட்காருகிற நடைபாதையில் முதலாளி புது வண்டிகளை வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார். அதைக் கண்டித்து நான் கடை வாசலில் நின்று பேசினேன். எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தது பள்ளிக்கூடம் அல்ல, துண்டுப் பிரசுரங்கள். அதனால் என் பேச்சில் நடை இருக்கும். மூன்றாவது நாள் முதலாளி வண்டிகளை உள்ளே எடுத்தார். என்னையும் உள்ளே கூப்பிட்டார். டீ கொடுத்தார். டீயைக் குடிக்கவில்லை, வேலையை ஏற்றுக்கொண்டேன். ஏன் என்னை எடுத்தார் என்று எனக்கு அன்றே சந்தேகம். மன்னவனூர், பூண்டி, கவுஞ்சி என்று மேல்மலை முழுக்க என் பின்னால் ஊர்வலம் வந்த ஜனங்கள். என்னைப் பின்னால் வைத்துக்கொண்டு எவனும் வண்டியோடு ஓடிப்போக மாட்டான். முதலாளிக்கு அது தெரியும்.

எனக்கு இன்னொரு சங்கடம். நான் இருப்பது கவுஞ்சியில். அங்கே இரவு தங்கி, விடியக் கருக்கலில் கொடைக்கானலுக்குக் கிளம்பும் ஒரு பஸ் இருக்கிறது. அந்தப் பஸ் மனு கொடுத்து வந்ததல்ல. நாங்கள் ரோட்டில் படுத்து வந்தது. என் மனைவி லூர்து அந்தப் பஸ்ஸில்தான் கொடைக்கானலில் ஒரு பள்ளி விடுதிச் சமையலறை வேலைக்குப் போகிறாள். இடுப்பு எலும்பு தேய்ந்துவிட்டது. வண்டியில் எப்படியும் அவளால் உட்கார முடியாது. விடிந்து வெகுநேரம் கழித்து நான் கடைக்குப் போகிற காய்கறி லாரியில் ஏறவும் முடியாது. ஏறினாலும் அது காலைச் சமையலுக்குப் போய்ச் சேராது. பஸ் நின்றால் அவள் வேலை நின்றது. கடையில் ஒவ்வொரு கொக்கு விற்கும்போதும், பஸ்ஸிலிருந்து ஒரு ஆள் இறங்கிப் போகிற மாதிரியே எனக்குத் தோன்றும். வேலைக்குச் சேருகிற அன்றே இந்தப் பயத்தை முதலாளியிடம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “தோழரே, வெளிய நின்னு தொண்டையக் கெடுத்துக்கிறத விட, உள்ள வந்து பின்னாடி உக்காந்து இடுப்பக் கெடுத்துக்கங்க. இதுக்குச் சம்பளமாவது உண்டு.”

கம்பெனியின் பிரசுரம்

வண்டியோடு கம்பெனி ஒரு வழவழப்பான பிரசுரம் அனுப்பியிருந்தது. நானும் பிரசுரம் எழுதினவன்தான். பொய் எந்த வரியில் வந்து உட்காரும் என்று எனக்குத் தெரியும். படத்தில் பனிமலை. ஒருத்தன் மட்டும் தனியாக நிற்கிறான். பின்சீட்டில் பெண்டாட்டி இல்லை. டேங்கின் மேல் பிள்ளை இல்லை. ஹேண்டிலில் தூக்குவாளி இல்லை. பக்கத்தில் ஒரு பூண்டு மூட்டைகூட இல்லை. ‘எளிமையான இன்ஜின், எடை குறைவு, எங்கும் போகலாம்’ என்று எழுதியிருந்தது. எங்கும் போகலாம் சரி. எதற்குப் போகிறான் என்று ஒரு வரி இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

பிரசுரத்தை மெக்கானிக்கிடம் காட்டி, “இதில் எது உண்மை?” என்று கேட்டேன். அவர் வத்தலக்குண்டுக்காரர். தினமும் காட்ரோட்டு மலைப்பாதையில் ஏறி வந்து, இறங்கிப் போகிறவர். கையைத் துடைத்துக்கொண்டு படத்தை உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “வண்டி நல்ல வண்டிதான் தோழர். அந்த ஆளத்தான் நம்ப முடியல. பூட்ஸ்ல பொட்டுச் சேறு இல்ல பாருங்க.”

கால் எட்டாத டீச்சர்

பூம்பாறைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்த டீச்சர் ஒருவர் கொக்கு கேட்டு வந்தார். குட்டையான உருவம், அழுத்தமான ஆள். “ஸ்கூட்டர் வாங்கினா மண்ணு ரோட்டுல அடி தட்டுது சார். இது ஒசரமா இருக்கு, தட்டாது” என்றார். கணக்கு சரி. ஆனால் வண்டிக்கு உயரம் என்றால் சீட்டுக்கும் உயரம்தானே? அந்த வரியைக் கம்பெனிப் பிரசுரம் சின்ன எழுத்தில் போட்டிருந்தது.

ஓடுகிறவரை டீச்சர் நன்றாகத்தான் ஓட்டினார். குழியெல்லாம் வண்டிக்குத் தெரியவே இல்லை; எனக்கும் தெரியவில்லை. ஏரிக்கு மேலே ஒரு வளைவில் எதிரே சுற்றுலா வேன் வந்தது. நிறுத்தினார். ரோடு சரிந்திருந்த பக்கம் காலை நீட்டினார். கால் போய்க்கொண்டே இருந்தது, தரை வரவில்லை. வண்டி மெதுவாக, மரியாதையாகச் சாய்ந்தது. நானும் டீச்சரும் புல்லில் உட்கார்ந்திருந்தோம். யாருக்கும் அடி இல்லை. எழுந்து சுடிதாரைத் தட்டினார். என் மேல்தான் கோபம் என்று நினைத்தேன். அவர் வண்டியின் மூக்கைப் பார்த்துக் கேட்டார்: “ஏன் சார், இந்த அட்வெஞ்சர்ங்கிறது ஓட்டும்போதா, இல்ல நிறுத்தும்போதா?”

ஆனால் அவர் அதைத்தான் வாங்கினார். மெக்கானிக் சீட்டைச் செதுக்கித் தாழ்த்திக் கொடுத்தார். பஸ்ஸில் ஒரு ஆள் குறைந்தது என்று நான் மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

மட்டக்குதிரைக்கு மாற்று

கவுஞ்சிக்கு மேலே மேட்டுக்காடு என்று கொஞ்சம் வீடுகள் உண்டு. தார் ரோடு கிடையாது. அடுக்கடுக்கான பூண்டுக் காடுகளுக்கு நடுவே ஒரு செங்குத்தான தடம்தான். மூட்டையெல்லாம் மட்டக்குதிரையில்தான் இறங்கும். அங்கிருந்து சின்னக்காளை வந்தார். ஒரு காலத்தில் என்னோடு ரோட்டில் படுத்தவர். வந்தவர் சும்மா வரவில்லை. ஒரு மூட்டைப் பூண்டோடு வந்தார். “வண்டிய ஓட்டிப் பாக்கணும்னா மூட்டையோடதான் பாக்கணும்” என்று என் இடத்தில் மூட்டையை ஏற்றிவிட்டார். என் உத்தியோகத்தை அன்றைக்குப் பூண்டு பார்த்தது. நான் பின்னால் நடந்தேன்.

கொக்கின் சீட்டு இரண்டு படியாக இருக்கும். பின்படி உயரம், முன்படி பள்ளம். இறக்கத்தில் பிரேக் பிடித்ததும் மூட்டை வழுக்கி வந்து சின்னக்காளையை டேங்கின் மேல் ஏற்றிவிட்டது. இறங்கினார். யோசித்தார். மூட்டையைக் குறுக்கே திருப்பி, பின்னால் இருக்கிற கம்பியில் சணல் கயிற்றால் குதிரைக்குக் கட்டுகிற முடிச்சுப் போட்டுக் கட்டினார். அதன் பிறகு மூட்டை அசையவில்லை. கடைக்குத் திரும்பியதும் அதைப் பார்த்த முதலாளிக்கு ஒரே சந்தோஷம். “பாத்தீங்களா, குதிரைய வித்துரலாம்” என்றார். சின்னக்காளை அவரை ஏற இறங்கப் பார்த்தார்: “குதிரைக்குப் புல்லப் போட்டா, காட்டுக்குச் சாணி போடும். இதுக்குப் பெட்ரோலப் போட்டா, இது எனக்கு என்ன மொதலாளி போடும்?”

குதிரையை விற்காமல் கொக்கையும் வாங்கினார். அவரைப் பார்த்து மேட்டுக்காட்டில் இன்னும் சில வீட்டுக்காரர்களும் வாங்கினார்கள். அவை எல்லாம் என்னைப் பின்னால் உட்கார வைத்துப் பார்த்து வாங்கியவைதான்.

அணைத்து விடுவது

எங்கள் மலையில் ஒரு பழக்கம் உண்டு. இறக்கம் வந்தால் வண்டியை அணைத்துவிட வேண்டும். பெட்ரோல் மிச்சம், சத்தம் மிச்சம். தகப்பன் மகனுக்குச் சொத்து கொடுக்கிறானோ இல்லையோ, இதைக் கொடுத்துவிடுவான். பூண்டியிலிருந்து வந்த ஒரு கேரட் விவசாயியும் அப்படித்தான். இறக்கம் தொடங்கியதும் சாவியைத் திருப்பினார். வண்டி மூச்சு விடாமல் உருண்டது. “சாவிய அணைச்சா இதுல இருக்கிற, சக்கரம் வழுக்காமப் பிடிக்கிற புதுப் பிரேக் வித்தையும் சேர்ந்து அணைஞ்சிரும்னு மெக்கானிக் சொல்லியிருக்காருங்க” என்று நான் காதருகே சொன்னேன். “வித்தை எதுக்கு, கையி இருக்கு” என்றார்.

வளைவு திரும்பியதும் நடு ரோட்டில் ஒரு காட்டுமாடு. சத்தமே இல்லாமல் நாங்கள் போனதால் அதற்கு நாங்கள் வருவது தெரியவில்லை. பின்சக்கரம் இழுத்துக்கொண்டே போய், அதன் மூச்சு எங்கள் மேல் படுகிற தூரத்தில் நின்றது. அது திரும்பிப் பார்த்தது. நல்ல பெரிய முகம். விவசாயி மெதுவாக வலது காலைத் தூக்கிக் கிக்கரைத் தேடினார். காற்றில் ஒரு உதை, இன்னொரு உதை. கிக்கர் இருந்தால்தானே? “பொத்தான்... பொத்தான்...” என்று நான் முனகினேன். சாவியைப் போட்டுப் பொத்தானை அமுக்கினார். இன்ஜின் உறுமியதும் மாடு பதறிச் சரிவில் இறங்கியது. அது போன பிறகும் வெகுநேரம் அவர் வண்டியை எடுக்கவில்லை. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: “ஒதைக்கவே வழியில்லாத ஒண்ண நம்பி, எப்பிடித் தோழரே மலையில குடித்தனம் பண்றது?”

என் வாழ்நாளில் நான் முழுதாக ஒப்புக்கொண்ட வாடிக்கையாளர் அவர் ஒருவர்தான். அவரும் வாங்கினார்.

ரோடில்லாத இடம் தேடி வந்தவர்

கீழே ஏதோ நகரத்திலிருந்து ஒரு வாலிபர், மார்பு, முழங்கால் எல்லாம் கவசம் போட்டுக்கொண்டு, கொக்கு ஓட்டிப் பார்க்க வந்தார். “இங்க ரோடே இல்லாத எடம் எங்க இருக்கு?” என்று கேட்டார். ரோடு இல்லாத இடத்தைக் காட்டச் சொல்லி ஒருவர் கேட்பது எனக்கு அதுதான் முதல் தடவை. நான் இதுவரை காட்டியதெல்லாம் அதிகாரிகளுக்கு. அவர்கள் பார்க்க மறுத்தார்கள். இவர் ஆசைப்பட்டுக் கேட்கிறார். மன்னவனூர்ப் பாதையில் கூட்டிப் போய், “இதோ, இங்கிருந்து அங்கேவரை முன்பு முழங்கால் சேறு. பிள்ளைத்தாச்சியைத் தொட்டிலில் தூக்கிக்கொண்டு வந்த பாதை. நாங்கள் போராடித் தார் போட வைத்தோம்” என்று பெருமையாகக் காட்டினேன். அவர் தாரைப் பார்த்தார். முகம் தொங்கிவிட்டது: “என்ன அங்கிள், செமையா இருந்த எடத்த இப்படிக் கெடுத்து வச்சிருக்கீங்க!”

டிப்போவிலிருந்து வந்த செய்தி

பஸ் கண்டக்டர் எனக்குப் பழக்கம். ஒரு சாயங்காலம் கடை வாசலில் நின்று, கையை வாய்க்கு மறைத்துக்கொண்டு சொன்னார். கவுஞ்சி பஸ்ஸைப் பார்வையிட ஒரு ஆபீசர் வரப் போகிறாராம். காலையில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று அவரே பஸ்ஸில் உட்கார்ந்து பார்ப்பாராம். ஆள் இல்லையென்றால் பஸ்ஸை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்களாம். ‘கவுஞ்சியில பஸ் ஸ்டாப்பு முழுக்கப் புது மோட்டார் சைக்கிளா நிக்குது, அங்க எதுக்குப் பஸ்’ என்று யாரோ டிப்போவில் சொல்லியிருக்கிறார்களாம்.

அது பொய் இல்லை. எங்கள் ஊரில் சமதரை என்பது பஸ் நிற்கிற இடம் ஒன்றுதான். நான் லாரிக்கு வரும்போதெல்லாம் அங்கே கொக்குகள் வரிசையாக நிற்கும். கொக்கின் பக்கத் தாங்கி சரிவில் நிற்காது. அதனால்தான் மேட்டுக்காட்டுக்காரர்கள் அங்கே நிறுத்திவிட்டுக் காட்டு வேலைக்குப் போகிறார்கள் என்று நான் முடிவு செய்திருந்தேன். வீட்டுக்கு வந்து லூர்துவிடம் சொன்னேன். அவள் இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். “அந்த வண்டிக்காரங்க யாருன்னா...” என்று ஏதோ தொடங்கினாள். எனக்குக் கேட்க நேரமில்லை. எதிரியின் திட்டம் புரிந்துவிட்டது, நம் திட்டம் வகுக்க வேண்டும். செருப்பை மாட்டும்போது அவள் பின்னாலிருந்து சொன்னது மட்டும் காதில் விழுந்தது: “ஊருக்கெல்லாம் காது கேக்கக் கத்துறவருக்கு, வீட்ல பேசுறது மட்டும் கேக்காது.”

மறைக்கும் திட்டம்

அன்றே மேட்டுக்காடு ஏறினேன். சின்னக்காளை வீட்டு முன்னால் எல்லோரையும் கூட்டினேன். வெகுநாள் கழித்துக் கூட்டம். குரல் நன்றாகவே ஒத்துழைத்தது. “ஆபீசர் கண்ணில் ஒரு கொக்கு படக் கூடாது. அத்தனை வண்டியும் மேலேயே இருக்க வேண்டும். மாட்டுத் தொழுவில் விடுங்கள், தார்ப்பாய் போட்டு மூடுங்கள். ஒரு வண்டி ஸ்டாப்பில் நின்றாலும் பஸ்ஸுக்கு அதுதான் சாவுமணி” என்றேன். எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒரு பெண், “அப்ப நாங்க வெள்ளனே எப்பிடி...” என்றாள். “ஒரு நாள் கட்டுப்பாடு! ஒரே ஒரு நாள்!” என்று அடக்கினேன். கூட்டத்தில் கேள்விக்கு இடம் கொடுத்தால் கூட்டம் கெட்டுவிடும் என்பது என் பழைய பாடம்.

சின்னக்காளை பீடியை அணைத்து எழுந்தார். என் மேல் உள்ள மரியாதையில் தலையாட்டினார். ஆனால் அவர் மனது தலையோடு சேர்ந்து ஆடவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. “விக்கிறப்ப ஏறு ஏறுன்னீங்க. இப்ப மறை மறைங்கிறீங்க. சரி, நீங்க சொன்னாச் சரி. ஆனா நாளப்பின்ன எங்களக் குத்தஞ் சொல்லப்பிடாது.”

பார்வை நாள்

விடியும் முன்பே நானும் லூர்தும் ஸ்டாப்புக்குப் போனோம். ராத்திரி பெய்த மழையில் எங்கும் சறுக்கல், கையை நீட்டினால் கை தெரியாத மூடுபனி. ஒரு கொக்குகூட இல்லை. திட்டம் வெற்றி என்று நினைத்தேன். ஆபீசர் முந்தின நாளே வந்து ஊரில் தங்கியிருந்தார். மப்ளரைக் காதில் சுற்றிக்கொண்டு டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்தார். பஸ்ஸில் நான், லூர்து, கோழி வைத்திருந்த ஒரு பெரியவர். வேறு யாரும் வரவில்லை. கண்டக்டர் விசில் அடிக்க மனமில்லாமல் படியில் நின்றார்.

“எப்பவும் இந்நேரம் நிக்க எடம் இருக்காதுங்க சார்” என்றார். ஆபீசர் சிரித்தார். எனக்குப் புரியவில்லை. “எங்கே ஜனம்?” என்று லூர்துவிடம் கிசுகிசுத்தேன். அவள் நிதானமாகச் சொன்னாள். மேட்டுக்காட்டு ஜனம் எல்லாம் கொக்கில்தான் இறங்கி வருவார்களாம். வண்டிகளை ஸ்டாப்பில் நிறுத்திவிட்டு, மூட்டையோடு இந்தப் பஸ்ஸில் ஏறுவார்களாம். பெட்ரோல் போட்டுக் கொடைக்கானல் வரை அந்தக் குளிரில் யார் வண்டியில் போவார்கள்? கொக்கு வருவதற்கு முன்னால் தடத்தில் நடந்து இறங்கிவந்து, பாதி நாள் பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் அவர்கள். கொக்கு வந்த பிறகுதான் பஸ்ஸே நிறைந்ததாம். பஸ்ஸைக் கொல்லுகிறது என்று நான் நினைத்த வண்டிதான் பஸ்ஸுக்குச் சோறு போட்டிருக்கிறது. அதை நானே தொழுவில் அடைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

விசில் அடித்தது. பஸ் கிளம்பியது. லூர்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் கோபப்பட்டிருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும். அவள் சொன்னது இவ்வளவுதான்: “நாளையிலருந்து விடுதி அடுப்ப வேற யாராச்சும் பத்த வைப்பாங்க. போங்க, அதுக்கென்ன.”

வளைவில் நடந்தது

கவுஞ்சியை விட்டதும் ரோடு ஒரு பெரிய சுற்றுச் சுற்றி, மேட்டுக்காட்டுச் சரிவின் அடிக்கு வரும். அங்கே வந்ததும் டிரைவர் சடாரென்று பிரேக்கை மிதித்தார். பனிக்குள் வரிசையாக விளக்குகள். அடுக்குக் காடுகளின் ஓரமாக, வரப்பிலிருந்து வரப்புக்கு, ஓடையின் கல்லில் ஏறி இறங்கிக் கொக்குகள் வந்துகொண்டிருந்தன. ஒன்றில் மூன்று பேர். இன்னொன்றில் இரண்டு பேரும் மூட்டையும். முக்காடு போட்ட பெண்கள். சணல் கயிற்றில் குதிரை முடிச்சு. நடந்து இறங்கியவர்கள் சறுக்கல் தடத்தில் தாமதித்திருக்கிறார்கள். பஸ் கிளம்பிய சத்தம் மேலே கேட்டிருக்கிறது. பாதி வழியிலிருந்து திரும்பி மேலே ஓடிப்போய்த் தார்ப்பாயை உருவி எறிந்துவிட்டு, தடத்தை விட்டுக் காட்டுக்குள்ளேயே நேராக இறங்கிவிட்டார்கள். கம்பெனிப் பிரசுரத்தில் இருக்கிற ஆள் அந்த இறக்கத்தைப் பார்த்தால் கவசத்தைக் கழற்றிவைத்துவிட்டுச் சாமி கும்பிட்டிருப்பார்.

வண்டிகளை ரோட்டுக்குக் குறுக்கே நிறுத்தினார்கள். நான் என் வாழ்க்கையில் எத்தனையோ மறியல் செய்தவன். கொடி பிடித்து, கோஷம் போட்டு, அடி வாங்கி, வேனில் ஏறிப் போனவன். இவ்வளவு சுத்தமான மறியலை நான் பார்த்ததில்லை. ஒரு கோஷம் இல்லை, ஒரு கொடி இல்லை. ஆபீசர் மப்ளரை அவிழ்த்துக்கொண்டு படியில் இறங்கிக் கத்தினார். “யாருய்யா நீங்க? வண்டிய வச்சுக்கிட்டுப் பஸ்ஸ மறிக்கிறீங்களா? இது என்ன போராட்டமா?” சின்னக்காளை முகத்துச் சேற்றைத் துண்டால் வழித்துக்கொண்டே மூட்டையைத் தூக்கிப் படியில் வைத்தார். “போராட்டமெல்லாம் இல்லீங்க சார். வெரசா வழிவிடுங்க, டிக்கெட்டு எடுக்கணும்.”

கொக்குகளை ரோட்டோரம் ஒதுக்கிவிட்டு எல்லோரும் ஏறினார்கள். பஸ்ஸில் நிற்க இடமில்லை. ஆபீசரே எழுந்து ஒரு கைக்குழந்தைக்காரிக்கு இடம் கொடுத்துவிட்டு, பூம்பாறை வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவருடைய காலடியில் பூண்டு. சின்னக்காளை என் பக்கம் திரும்பவே இல்லை. மன்னவனூர் தாண்டிய பிறகு லூர்து என் தோளில் லேசாக இடித்தாள். அவள் முகத்தில் சிரிப்பு வந்திருந்தது: “இந்த மறியலுக்கு மட்டும் ஒங்க பேச்சு தேவைப்படலயே, பாத்தீங்களா?”

பேனர்

பஸ் நிற்கவில்லை. ‘இப்போதைக்குத் தொடரும்’ என்று டிப்போவில் சொல்லிவிட்டார்களாம். இப்போதைக்கு என்ற சொல்லை நான் நம்புவதில்லை. அது முதலாளிகளும் அதிகாரிகளும் சேர்ந்து கண்டுபிடித்த சொல். ஆனால் லூர்து நேற்றும் வேலைக்குப் போனாள், இன்றும் போயிருக்கிறாள்.

இதற்குள் கண்டக்டர் போனில் எடுத்த படம் ஒன்று ஊர் முழுக்கச் சுற்றி எங்கள் கடைக்கும் வந்து சேர்ந்தது. மூடுபனியில், வளைவில், குறுக்கே நிற்கும் கொக்குகள், எதிரே எங்கள் பஸ். அடுத்த வாரமே கடை வாசலில் பேனர் தொங்கியது. ‘மலை மக்களின் முதல் தேர்வு’ என்று கொட்டை எழுத்து. வண்டிகள் இருந்தன. சின்னக்காளையின் சேற்று முகமும் இருந்தது. பஸ் இருந்த இடத்தில் ஒரு பனிமலை. சாயங்காலம் வேலை முடிந்து வந்த லூர்து பேனருக்கு முன்னால் நின்று, கண்ணைச் சுருக்கி, தான் உட்கார்ந்திருந்த ஜன்னலைத் தேடினாள். பனிமலையைத் தவிர வேறு ஒன்றும் கிடைக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள்: “அத்தன பெரிய ஆபீசரால அழிக்க முடியாத பஸ்ஸ, ஒங்க மொதலாளி ஒத்த ராத்திரியில அழிச்சுப்புட்டாரே!”

ஆகையால், தினப்படி சோலிக்குப் போகிற சாதாரண ஜனத்துக்கு இந்தச் சின்னக் கொக்கு ஒத்து வருமா என்று கேட்கிறவர்களுக்குப் பின்சீட்டுக்காரன் சொல்லக்கூடியது ஒன்றுதான்: சந்தேகப்படாமல் வாங்குங்கள், பஸ்ஸைப் பிடிக்க அதைவிட நல்ல வண்டி கிடையாது.